சங்கீத மாணவரும் சிறுகுழு இசையும்

சங்கீதக் கல்வியைப் பற்றி எமது பத்திரிகைகளில் வெளிவருவன பெரும்பாலும் இரு வகையின. ஒன்று பழம்பெருமை பேசுவது; மற்றது அரங்கேற்றச் செய்தி. முன்னையது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே தொடங்கித் தமிழிசை இயக்கத்தில் வந்து முடியும். பின்னையது பிரதம விருந்தினரின் பதவியையும் பெற்றோரின் பெயர்களையும் கூறி அமைதியடையும். ஒரு மாணவர் சங்கீதத்தை எவ்வாறு கற்கிறார், எவரோடு கற்கிறார், கற்றதன் பேறாக அவரிடத்து விளைவது யாது என்னும் வினாக்களுக்கு இவ்விருவகை எழுத்திலும் இடமில்லை. இவற்றுள் 'எவரோடு' என்ற வினாவையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்கிறோம். அற்பமானதுபோலத் தோன்றும் இவ்வினாவிலேதான் எமது சங்கீதக் கல்வியின் பெருங்குறையொன்று மறைந்து கிடக்கின்றது என்பது எமது கருத்து.

இன்று சங்கீதம் பயிலும் மாணவரின் நிலையைச் சற்றே நோக்குவோம். ஆசிரியரின் வீட்டிலோ பாடசாலையின் சங்கீத அறையிலோ அமர்ந்து ஆசிரியர் பாடுவதை அவர் திருப்பிப் பாடுகிறார். வீட்டுக்குத் திரும்பிச் சுருதிப் பெட்டியை, அன்றேல் இப்பொழுது கைத்தொலைபேசியிலே ஒலிக்கும் சுருதியை, அருகில் வைத்துக்கொண்டு அதனையே பன்முறை பாடுகிறார். பத்துப் பேர் கூடியிருக்கும் வகுப்பிலுங்கூடப் பத்துப் பேரும் ஒன்றையே ஒருங்கு பாடுகின்றனரேயன்றி, ஒருவர் பாட மற்றவர் அதற்கு மறுமொழி கூறும் முறை அங்கில்லை. பரீட்சை மண்டபத்தினுள் அவர் தனியராகவே நுழைகிறார். தாளத்தைத் தம் தொடையிலே தாமே போட்டுக்கொள்கிறார். தனியராகவே வெளியே வருகிறார். இவ்வாறு ஏழெட்டு ஆண்டுகள் பயின்று உயர்ந்த தரத்திற் சித்தியெய்திய ஒருவர், ஒருமுறையேனும் தம்மொத்த மிருதங்க மாணவர் ஒருவரோடு அமர்ந்து பாடாமலே சங்கீத ஆசிரியராகிவிடுதல் கூடும். இது மிகைப்படக் கூறுவதன்று. சங்கீத ஆசிரியர்களாயுள்ள எமது வாசகர் பலர் இதனைத் தம் அநுபவத்தாலேயே அறிவர்.

அத்தகைய மாணவர் முதன்முறையாக மிருதங்கத்தோடு அமரும்போது நிகழ்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆதி தாள வர்ணமொன்றை அவர் தொடங்குகிறார். பல்லவி செவ்வனே செல்கின்றது. அநுபல்லவியிலே கமகம் செறிந்த ஓரிடம் வருகின்றது. குரல் சற்றே தயங்குகின்றது. தாளம் போடும் கையும் அதனோடு சேர்ந்து தயங்குகின்றது. மிருதங்கம் வாசிப்பவரோ தயங்கவில்லை. ஒரு கணத்தில் இருவரும் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றனர். பாடியவர் வாசித்தவரைக் கோபத்தோடு பார்க்கிறார். வீட்டில் இதே வர்ணத்தை நூறு தடவை பிழையின்றிப் பாடியவரல்லவா அவர்? ஆனால் வீட்டிலும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அவர் தயங்கியேயிருந்தார். கடினமான இடத்தில் மெதுவாகவும் எளிதான சரண ஸ்வரங்களில் விரைவாகவும் அவர் பாடியபோது, கை குரலுக்கு அடங்கி அதன் பின்னே சென்றது. தாளத்தை அளக்க வேண்டிய கையே குரலுக்கு ஏவலாளாகிவிட்டமையால் பிழையைக் காட்டுதற்கு அங்கு எவருமில்லை. காலப்பிரமாணம் என்று நூல்கள் கூறுவது யாது என்பதை அம்மாணவர் அந்த ஒரு கணத்திலேதான் முதன்முறையாக உணர்கிறார்.

இதற்கு மெற்றோனோம் போதாதோ எனச் சிலர் வினவலாம். மெற்றோனோம் பிழையைக் காட்டும். ஆயின் அது எதனையும் கேட்பதில்லை. பாடுபவர் ஒரு சங்கதியை மூச்சடக்கிப் பாடி முடிப்பதை உணர்ந்து அடுத்த சொல்லை மென்மையாக இடுவதற்கும், நிரவலிலே பாடுபவரின் உற்சாகம் ஏறுவதையறிந்து தானும் நடையை அடர்த்தியாக்குவதற்கும் ஒரு மனிதர் வேண்டும். அம்மனிதரும் மாணவராகவே இருப்பாராயின் மிக நன்று. அவருக்கும் பிழை வரும், அவரும் கேட்கப்பட வேண்டியவர் என்ற உணர்வு அப்பொழுதுதான் பிறக்கும்.

சிறுகுழு என்று நாம் கூறுவது மூவர், நால்வர், மிஞ்சினால் அறுவர் கொண்ட அமைப்பினை. ஒரு பகுதியை ஒருவரே இசைப்பார். கோலெடுத்து நடத்தும் நடத்துநர் எவருமிரார். நாற்பதின்மர் சேர்ந்து பாடும் பாடசாலைக் குழுப்பாடலில் ஒருவர் வாயசைத்து நின்றாலும் எவரும் அறியார். நால்வருள் ஒருவர் அவ்வாறு நிற்றல் இயலாது. அதனாலேயே பெருங்குழுவும் தனிப்பாட்டும் தராத ஒரு பயிற்சியைச் சிறுகுழு தருகின்றது.

ஐரோப்பிய இசையில் இது தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகிய நான்கு கருவிகளுக்கென ஜோசப் ஹேடன் (1732–1809) அறுபதுக்கும் மேற்பட்ட நால்வரிசைகளை ஆக்கினார். 1781 இல் அவர் ஆக்கிய ஆறு நால்வரிசைகளிலே, முதல் வயலின் பாட ஏனையவை துணைநிற்கும் பழைய முறை தளர்ந்து, ஒரு சிறு இசைத்துணுக்கு நான்கு கருவிகளிடையேயும் கைமாறிச் செல்லும் முறை தெளிவு பெற்றது. அவற்றை ஆழ்ந்து கற்ற மோட்சார்ட், தாம் ஆக்கிய ஆறினை 1785 இல் ஹேடனுக்கே உரித்தாக்கினார். கவிஞர் கதே 1829 இல் நண்பர் செல்டருக்கு எழுதிய கடிதத்தில் இவ்விசையை அறிவுடையோர் நால்வரின் உரையாடலுக்கு ஒப்பிட்டமை பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. அவ்வுரையாடல் பிரபுக்களின் கூடங்களிலே வளர்ந்தது என்பதையும், ஹேடனே எஸ்டர்ஹாசிப் பிரபு குடும்பத்தின் சீருடையணிந்த பணியாளராய்ப் பல்லாண்டு வாழ்ந்தவர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. எனினும், எசமானின் கூடத்திலேயே எசமானன் இல்லாத ஓர் இசைவடிவம் உருவாயிற்று என்பதில் எமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டு. மேல்நாட்டு இசைக் கல்லூரிகளிலே தனிவாத்திய மாணவரும் இத்தகைய குழுக்களிற் பயிலுதல் இன்றும் வழக்கமாயுள்ளது. இரண்டாம் வயலினும் வியோலாவும் இசைப்பவை சபையோர் காதில் தனித்து விழுவதில்லை. அவற்றை நீக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு போய்விட்டது என்பது தெரியும். நால்வரிசையில் வியோலாவை வாசிக்க மோட்சார்ட் விரும்பினார் என்பர். நடுவிலிருந்து இருபுறமும் கேட்கும் ஆசையே அதற்குக் காரணமாயிருந்திருக்கலாமென நாம் எண்ணுகிறோம்.

எமது கச்சேரியும் ஒரு சிறுகுழுவே. ஆனால் அதனை நாம் அவ்வாறு நினைப்பதில்லை. 'இன்னாரின் பாட்டுக் கச்சேரி' என்றுதான் கூறுவோம்; ஏனையோர் 'பக்கவாத்தியம்'. பத்திரிகை விமரிசனங்களை எடுத்துப் பாருங்கள். பாடியவரின் கற்பனையைப் பற்றி மூன்று பந்திகள் இருக்கும். ஈற்றிலே 'பக்கவாத்தியங்கள் கச்சேரிக்கு மெருகூட்டின' என்றொரு வாக்கியம் இருக்கும். இவ்வாக்கியத்தை எழுதுவதற்குக் கச்சேரிக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

உண்மையில் அங்கு நிகழ்வது என்ன? வயலினை எடுத்துக்கொள்வோம். பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எமது இசைக்கு உரியதாக்கிய இக்கருவி, ராக ஆலாபனையின்போது பாடுபவரை நிழல்போலத் தொடர வேண்டும். அடுத்து அவர் எந்த ஸ்வரத்திற்குச் செல்வார் என்பது வயலின் வாசிப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆயினும் அவர் சென்றடைந்ததும் உடனிருக்க வேண்டும். முந்தினால் பாடுபவரின் எண்ணத்தைக் கெடுத்தவராவார். பிந்தினால் இரண்டு ராகங்கள் ஒருங்கே கேட்பதுபோல இருக்கும். பின்னர்த் தாம் தனித்து ஆலாபனை செய்யும் முறை வரும்போது, பாடியவர் பத்து நிமிடத்திற் கூறியதை நான்கைந்து நிமிடத்தில், அவர் கூறாததொன்றையும் சேர்த்து, ஆனால் அவரைச் சிறுமைப்படுத்தாமற் கூறி முடிக்க வேண்டும். மாணவப் பருவத்திலே இதனைச் செய்து பழகியவருக்கு ராகம் பற்றிய அறிவு மற்றொரு விதமாக அமைகின்றது. தாம் பாடம் பண்ணிய பிடிகளின் தொகுதியாக அன்றி, வேறொருவர் மனதிலும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றாக அவர் அதனை அறிகிறார்.

மிருதங்கம் பயில்பவர் பெறும் முதற்பாடம் வாசியாதிருத்தல். வகுப்பிலே அவர் கற்றவை அனைத்தும் சொற்கட்டுகள், மோராக்கள், கோர்வைகள். இவற்றையெல்லாம் எங்கே வாசிப்பது என்பதே அவரது கவலை. விளம்ப காலக் கீர்த்தனமொன்றுக்கு வாசிக்க அமரும்போதோ, இரண்டு சொற்களுக்கிடையே விடப்படும் வெற்றிடமே பாட்டைத் தாங்கி நிற்கின்றது என்பது மெல்ல மெல்ல விளங்குகின்றது. அதற்காக அவர் சாகித்தியத்தைக் கற்க நேர்கின்றது. பாட்டின் பொருளை வினவ நேர்கின்றது. பாடத் தெரியாத மிருதங்க மாணவர் எத்தனை விரைவாக வாசித்தாலும் கீர்த்தனத்தின் வளைவுகளுக்கு வெளியே நின்றே வாசிப்பார்.

பாடுபவர் பெறும் பயன்தான் எமக்கு மிக முக்கியமாகப் படுகின்றது. ஏனெனில் கச்சேரியின் எசமானர் தாமே என்ற மயக்கம் அவருக்கே உண்டு. தனி ஆவர்த்தனத்தை நினைத்துப் பாருங்கள். மிருதங்கமும் கஞ்சிராவும், அல்லது கடமும், மாறி மாறி வாசிக்கத் தொடங்குகின்றன. அப்பொழுது பாடுபவரின் வேலை யாது? தாளம் போடுதல் மட்டுமே. பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு அவர் மற்றவர்களின் பணியாளர். சமத்திலன்றி, அரை இடத்திலோ முக்கால் இடத்திலோ எடுப்பு அமைந்த பாட்டாயின், திஸ்ர நடையிலும் கண்ட நடையிலும் மிருதங்கம் போட்டி போட்டு ஓடும் வேளையில் ஆடாது அசையாது தாளத்தைக் காட்டிக்கொண்டிருத்தல் எளிதன்று. குறைப்பு வருகின்றது, ஒருவர் வாசித்த அளவுக்குள் மற்றவர் மறுமொழி கூற, அவ்வளவு பாதியாகி, அதிலும் பாதியாகி, இறுதியில் இருவரும் ஒன்றுகூடி மோராவையும் கோர்வையையும் வாசித்து முடிக்கின்றனர். கோர்வை முடியும் அதே புள்ளியில் பாட்டின் எடுப்பைப் பாடுபவர் பிடித்தாக வேண்டும். பெயர்பெற்ற பாடகர் சிலரே இவ்வேளையில் வயலின்காரரின் முகத்தைக் களவாகப் பார்ப்பதுண்டு. தனியே கற்றமையின் விளைவு அது. பள்ளிப் பருவத்திலேயே தம் தோழருக்காகத் தாளம் பிடித்துப் பழகியவர் எவரது முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் எமது சமுதாய வரலாற்றின் கசப்பான ஓர் உண்மையைக் கூறாமற் செல்லுதல் நேர்மையாகாது. சிறுகுழுவிலேயே பிறந்து சிறுகுழுவிலேயே வளரும் சங்கீதக் கல்வியொன்று எமது மண்ணில் இல்லாமலில்லை. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், தாளம், ஒத்து எனப் பெரியமேளம் அமைந்திருந்தது. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் மேளகாரக் குடும்பத்துச் சிறுவர் முதலிற் கையிலெடுப்பது தாளத்தை. மூத்தவர்கள் இரவிரவாக வாசிக்கும் திருவிழாக்களிலே அச்சிறுவர் தாளத்தைப் பிடித்தவாறு, அன்றி ஒத்தினை ஊதியவாறு, பல்லாயிரம் ஆவர்த்தனங்களைக் கடந்து வந்தனர். கருவியைப் பயிலுமுன்பே கேட்கப் பயின்றனர். ஒத்து ஊதுபவர் ஒரு ஸ்வரத்தையே மூச்சறாது ஊதிக்கொண்டிருப்பவர். அவரை எவரும் வித்துவான் என்று அழைப்பதில்லை. ஆயினும் ராகம் முழுவதும் அவரது மூச்சின்மேல் நிற்கின்றது. தமிழகத்து வித்துவான்களும் வியந்து போற்றிய தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) இத்தகைய சூழலிலேயே உருவானவர். தவிற் சமாவில் எதிரே இருப்பவர் வாசித்த கணக்கை உள்வாங்கி அதனை விரித்துக் கூறும் ஆற்றல் தனியறையில் அமர்ந்து பெறக்கூடியதன்று.

சங்கீதம் பாடசாலைப் பாடமாகவும் மத்தியதர வர்க்கத்தின் அணிகலனாகவும் மாறியபோது என்ன நடந்தது? வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் உள்ளே அழைக்கப்பட்டன. பெரியமேளம் கோயில் வீதியிலேயே நின்றது. சாதியமைப்பு அதனை அங்கே நிறுத்தி வைத்தது. 1960 இல் மருதனார்மடத்திலே இராமநாதன் அக்கடமி தோன்றியமையும், 1975 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைக்கப்பட்டமையும் நன்மை பயந்தவையே என்பதில் எமக்கு ஐயமில்லை; குலத்தால் வரையறுக்கப்பட்டிருந்த கலை பலருக்கும் கிடைத்தது. ஆனால் மேளகாரரிடமிருந்து எமது கல்விமுறை எதனைக் கற்றிருக்க வேண்டுமோ அதனைக் கற்கவில்லை. உருப்படிகளை ஏற்றுக்கொண்டோம், கூடியிருந்து கற்கும் முறையைத் தொழிலாளரின் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டோம்.

இதனாற் பழைய மேளமுறையை அப்படியே மீட்க வேண்டுமென நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. அதிலே அடியும் வசையும் இருந்தன. வித்தையை மறைத்து வைக்கும் குடும்பப் பொறாமை இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு இடம் அரிதாயிருந்தது. பிறப்பினால் ஒருவர் கையிலே தாளத்தைத் திணிக்கும் சமுதாயத்தை விரும்புவோர் எமது வாசகருள் இரார். பிரித்தெடுக்க வேண்டியது அதன் கற்பித்தல் முறையை மட்டுமே.

கச்சேரி மேடையும் சமத்துவத்தின் உறைவிடமன்று. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டுமாயின் அவர் வழக்கத்துக்கு மாறாகப் பாடுபவரின் இடப்பக்கத்தில் அமர வேண்டும். வயலின் வாசிப்பவர் வலப்பக்கத்துக்கு மாற வேண்டும். இந்தச் சிறிய இடமாற்றம் தொடக்க காலத்தில் அவருக்குப் பெருந்தடையாயிற்று. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்துத் தம் கச்சேரிகளில் அமர்த்தியமை செம்பையின் பாட்டைப் போலவே போற்றத்தக்க செயல் என்போம். ஒரு மேதைக்குக்கூட ஒருவர் நகர்ந்து இடம்விட வேண்டியிருந்தது. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்துவான்களின் கதையோ நெடியது.

அரங்கேற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்கே வயலினும் மிருதங்கமும் இருக்கின்றனவே, அது சிறுகுழு அல்லவா என்று கேட்கலாம். இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், எம்மவர் குடியேறிய ரொறன்ரோவிலும் இலண்டனிலும், பெற்றோர் பெரும் பொருள் செலவிட்டு அநுபவம் மிக்க வித்துவான்களை மாணவரின் இருபுறமும் அமர்த்துகின்றனர். அவர்கள் இரண்டு அல்லது மூன்று ஒத்திகைகளுக்கு வருவர். மாணவர் அரை ஆவர்த்தனம் தவறவிட்டால் சபையோர் அறியாவண்ணம் அவர்கள் அதனை இட்டு நிரப்பிவிடுவர். அது அவர்களது திறமை. அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் மாணவர் கற்றது யாது? தமது பிழைகளைச் சுமப்பதற்குக் கூலிக்கு ஆள் கிடைக்கும் என்பதையே. சமவயதினர் பல மாதங்கள் கூடியிருந்து, சண்டையிட்டு, சமாதானமாகி, ஒரே கீர்த்தனத்தைத் திருப்பித் திருப்பி இசைப்பதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

தலைவரே இல்லாமற் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கருதுவதும் தவறு. சோவியத் புரட்சிக்குப் பின்னர் 1922 இல் வயலின் கலைஞர் லெவ் செய்ற்லின் முன்னின்று மொஸ்கோவிலே நடத்துநர் இல்லாத வாத்தியக் குழுவொன்றை அமைத்தார். பெர்சிம்ஃபான்ஸ் என்பது அதன் பெயர். கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்படி வட்டமாக அமர்ந்து இசைத்தனர். பத்தாண்டுகள் அது சிறப்பாக இயங்கியது. 1932 இல் முடிவுற்றது. அத்தனை பேர் நடத்துநரின்றி ஒன்றுபட்டு இசைப்பதற்கு ஒத்திகைகள் மிகப் பல தேவைப்பட்டன. பெருங்குழுவிற் பெருமுயற்சியால் பெறப்பட்ட அந்த ஒருமைப்பாடு மூவர் நால்வரிடத்தே மிகச் சிறிய செலவிற் கைகூடும் என்பதே ஆசிரியர்களாகிய எமக்கு அதிலுள்ள செய்தி.

எமது பாடசாலைகளில் வசதி இல்லை என்பது உண்மை. ஒரு வயலினும் ஒரு மிருதங்கமும் உள்ள பாடசாலையே அதிர்ஷ்டமுள்ளது. ஆயினும் பாடுபவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர், தாளம் போடுபவர் ஒருவர் என மூன்று மாணவர் இருந்தாற் போதும். மிருதங்கம் இல்லையேல் சொற்கட்டை வாயினாற் சொல்லலாம். ஒரு தவணைக்கு ஒரேயொரு கீர்த்தனம். வாரந்தோறும் ஒரு பாடவேளை, அந்த நாற்பது நிமிடங்களில் ஆசிரியர் அறையின் மூலையில் அமர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுவே மிகக் கடினமான நிபந்தனை. தவறிய இடத்தை மாணவர் தாமே கண்டுபிடிக்கட்டும். நடுத் தவணையிலே பாடியவர் தாளம் பிடிக்கவும் தாளம் பிடித்தவர் பாடவும் மாற வேண்டும். மாறாவிடில் சிறுவயதிலேயே ஒருவர் 'பக்க'மாகவும் மற்றவர் நடுவாகவும் இறுகிவிடுவர்.

இதற்கு ஓர் ஆசிரிய நண்பர் எம்மிடம் எழுப்பிய தடை, பரீட்சையைப் பற்றியது. மூவர் சேர்ந்து இசைக்கும்போது எவருக்கு எத்தனை புள்ளி வழங்குவது, திறமையுள்ளவர் மற்றவரால் பாதிக்கப்படமாட்டாரா என்று அவர் கேட்டார். செயன்முறைப் பரீட்சையில் ஒரு பகுதியையேனும் குழுவாக நடாத்துதல் அத்துணைச் சிக்கலானதன்று. மூவரும் இசைத்து முடிந்தபின், பாடியவர் செய்த நிரவலின் வரியைப் பாடிக்காட்டுமாறு மிருதங்க மாணவரைக் கேட்கலாம். எட்டு ஆவர்த்தனத் தனியொன்றுக்குத் தாளம் போட்டு முடிவில் எடுப்பைப் பிடிக்குமாறு பாடியவரைக் கேட்கலாம். பாட்டு எவ்விடத்தில் விரைந்தது என்று தாளம் பிடித்தவரைக் கேட்கலாம். மற்றவரைக் கேட்டிருந்தவரே இவற்றுக்கு விடை கூற முடியும். அவ்விடைகளுக்குப் புள்ளி இடுவதில் எந்தப் பரீட்சகருக்கும் இடர்ப்பாடு இராது.